எலியின் பெயரில் ஒரு ஆட்டம்

இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. என் கையில் இருந்திருந்தால் முடிவையாவது மாற்றிச் சொல்லியிருப்பேன். கண்ணாடிக் கடையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எட்டு வருடமாகக் கண் சோதிக்கிறவளுக்கு நடந்தது இது. வீட்டில் அவளை எலி என்று கூப்பிடுவார்கள். அவள் அக்கா வைத்த பெயர். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "பவர் மாறியிருக்கும், வந்து உக்காருங்க, செக் பண்ணிடலாம்" என்று நக்கலடிக்கிற ஆள். ராத்திரியும் இல்லை, மழையும் இல்லை. பட்டப்பகல். மணி 2.40.

அக்காவுக்கும் எலிக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த ஆறு வருடமும் அக்காதான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், எல்லாம் அள்ளிக் கொட்டினாள். எலி போனில் விசாரித்ததோடு சரி. அம்மா போன அன்று எலி அரக்கப்பரக்க வந்து இறங்கியபோது, கூட்டத்துக்கு நடுவில் அக்கா சொன்னாள்: "வந்துட்டாங்க விருந்தாளி. யாராவது நாற்காலி போடுங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மாதம் அக்காவும் போய்விட்டாள். வயது நாற்பத்தாறு. தனியாக இருந்தவள். வியாழக்கிழமை வீட்டு ஓனர் கதவை உடைத்துப் பார்த்தபோது வாசலை ஒட்டிக் கிடந்திருக்கிறாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, செவ்வாய்க்கிழமையே ஆகியிருக்கும் என்றார் டாக்டர். "எங்கயோ கிளம்பியிருக்கா. அப்படியே சாஞ்சிருக்கா. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். வலியே தெரிஞ்சிருக்காது," என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். எலி அந்த ஒரு நிமிஷத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து வீட்டைக் காலி பண்ணப் போனாள். முதல் மாடி. இரண்டே அறை. உள் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, பின்பக்கம் பெருத்த பழைய டிவி. டிவிக்குக் கீழே அந்த வீடியோ கேம் பெட்டி. சின்ன வயதில் இரண்டு பேரும் அடித்துக்கொண்டு விளையாடியது. கேசட் அதிலேயே சொருகியிருந்தது.

படப் புதிர் ஆட்டம் அது. திரையில் கட்டம் கட்டமாக ஒரு சதுரம். ஒவ்வொரு வரிசைக்கும் மேலேயும் பக்கத்திலும் எண்கள். மூன்று என்றால் தொடர்ந்து மூன்று கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். எல்லா எண்ணும் சரியாக வந்தால் ஒரு படம் தெரியும். குடை, மீன், கப்பல்... இப்படி. தப்பான கட்டத்தை அமுக்கினால் 'ட்ர்ர்' என்று ஒரு சத்தம். ஆட்ட நேரத்தில் இரண்டு நிமிடம் குறைந்துவிடும்.

எலி சும்மாதான் போட்டுப் பார்த்தாள். டிவி வந்தது. ஆட்டமும் வந்தது.

சேமித்து வைத்த ஆட்டம் ஒன்றே ஒன்று. ஆடுபவர் பெயர் என்ற இடத்தில் அக்கா பெயர் இல்லை. ஆங்கில எழுத்தில் 'எலி' என்று இருந்தது.

இரண்டு வருடம் பேசாமல் இருந்தவள் இவள் பெயரில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள். எலி கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். கட்டிலில் உட்கார்ந்து, பாதியில் நின்ற புதிரைத் தொடர்ந்தாள்.

பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். படம் தெரிந்தது. இரண்டு கால்கள். மேலே தடித்த பலகை. அதன் அடிப்பக்கத்துக் குறுக்குச் சட்டங்கள்.

கட்டில். ஆனால் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தால் தெரிகிற கட்டில்.

'என்ன படம் இது' என்று நினைத்தாள். அடுத்ததைப் போட்டாள்.

மணி 3.05. இரண்டாவது படம். உயரமான மேசைக் கால். உச்சியில், விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு போன். அதிலிருந்து தொங்கும் ஒயர். ஒயர் தரை வரைக்கும் வரவில்லை. பாதியிலேயே நின்றது.

எலி மெதுவாகத் திரும்பி மேசையைப் பார்த்தாள். அக்காவின் சார்ஜர் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாதி வரைக்கும்.

கையில் இருந்த கன்ட்ரோலரைக் கட்டிலில் வைத்துவிட்டாள். எழுந்தாள்.

டக்.

மூன்றாவது புதிர் தானாக வந்திருந்தது. அம்புக்குறி நகர்ந்தது.

டக்... டக்...

கறுப்புக் கட்டம் இல்லை. முதலில் பெருக்கல் குறி. காலியாக இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் வரிசையாகப் பெருக்கல் குறி. அக்கா அப்படித்தான் ஆடுவாள். எது இல்லை என்று முடிவான பிறகுதான் எது இருக்கிறது என்பதைத் தொடுவாள். "பயந்தாங்கொள்ளி ஆட்டம்" என்று எலி கத்துவாள்.

"அக்கா..."

அம்புக்குறி நின்றது.

ஒரு நொடி. இரண்டு நொடி.

பிறகு வேகமாக ஓடியது. டக்டக்டக்டக்.

ஒரு 'ட்ர்ர்' கூட இல்லை.

3.11. படம் முடிந்தது.

மேலே முழுக்கக் கறுப்பு. கீழே மெல்லிசாக ஒரு வெள்ளை இடைவெளி. கதவுக்கு அடியில் தெரியும் வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தில் இரண்டு செருப்புகள்.

இடது செருப்பு தரையில்.

வலது செருப்பின் குதிகால் மட்டும் தூக்கி...

எலி அப்படித்தான் நிற்பாள். எங்கே காத்திருந்தாலும்.

எப்படி இறங்கி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கடைக்குள் வந்து விழுந்தபோது அவள் காலில் செருப்பு இல்லை. அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள், அதுவரை யாரிடமும் சொல்லாததை. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அந்தப் பக்கமாக வந்த பஸ்ஸிலிருந்து என்னவோ தோன்றி இறங்கிவிட்டாள். மாலை 4.15. இரண்டு முறை பெல் அடித்தாள். கதவு திறக்கவில்லை.

"உள்ள இருந்துக்கிட்டே திறக்கலன்னு நினைச்சேன். திமிர்னு நினைச்சேன். நாலு நிமிஷம் நின்னேன். போடின்னுட்டு வந்துட்டேன்."

"விடு. அப்பவே அவங்க போயிருப்பாங்க," என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். ஆட்டத்தைப் போட்டோம். 'எலி' என்ற பெயர் இருந்தது. உள்ளே நங்கூரம், குடை, மீன். பெட்டியோடு வந்த புத்தகத்தில் கடைசிப் பக்கங்களில் எல்லாப் படங்களும் அச்சாகியிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கட்டில் இல்லை. போன் இல்லை. செருப்பு இல்லை.

சாவியைக் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுக்கப் போனோம். முட்டிவலிக்காரர், படி ஏற மாட்டார். எலியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயாவது அன்னிக்கு வந்து பார்த்தியேம்மா. அது போதும்."

எலி என்னைப் பார்த்தாள்.

"என்னைக்கு?" என்றேன் நான்.

"செவ்வாய்க்கிழமைதான். மத்தியானத்துலருந்து மேல டொம்மு டொம்முன்னு தரையைத் தட்டுற சத்தம். உள் ரூம்லருந்து. என்னால படி ஏற முடியாது. யாரையாவது அனுப்பலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள நீ ஏறிப் போனே. பெல் சத்தம் கேட்டுச்சு. உடனே தட்டுறது நின்னுச்சு. என்னவோ தரையில இழுக்குற மாதிரி இருந்துச்சு. சரி, தங்கச்சி வந்தாச்சு, பார்த்துக்குவான்னு நான் விட்டுட்டேன்."

எலியின் கையை அவர் இன்னும் விடவில்லை.

"நீ இறங்கிப் போனப்புறம் திரும்பத் தட்ட ஆரம்பிச்சுது. பொருளை ஒதுங்க வெக்கிறான்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா அப்போ சத்தம் உள் ரூம்லருந்து வரலம்மா..."

அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"வாசக்கதவுகிட்டருந்து வந்துச்சு. பத்து மணிக்கு நான் மாத்திரை போட்டுத் தூங்குற வரைக்கும்."