சந்தனப் பொட்டுக்கு அடியில் இருந்த விரிசல்

சாகுல் பாய் காலமான செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தபோது நான் மதுரையில், மருத்துவமனையின் வாகன நிறுத்தத்தில் இருந்தேன். மாடியில் என் மனைவி விசாலத்துக்கு டயாலிசிஸ் தொடங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அழைத்தவர் பாயின் தம்பி ஜமால்.

"அண்ணன் மவுத்தாயிட்டாக சார். விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. லுஹர் தொழுகைக்குப் பெறகு அடக்கம்."

நண்பகலில் அடக்கம். விசாலம் இயந்திரத்திலிருந்து விடுபட நான்கு மணி நேரம் ஆகும். அதன் பிறகு எங்கள் ஊரான காரைக்குடிக்கு இரண்டு மணி நேரம். கடைசியாக ஒருமுறை அவர் முகத்தைப் பார்க்க முடியாது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. பார்க்கும் உரிமை எனக்கு இருந்ததா என்பது வேறு கேள்வி. ஓராண்டாக நான் அவருடன் பேசவில்லை.

அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சாகுல் பாய் கோவிலூர் சாலையில் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்றில் கார்களைச் சரிசெய்து வந்தவர். என் வயதுதான் இருக்கும். வண்டியைக் கொண்டுபோனால் என்ன கோளாறு என்று கேட்க மாட்டார். "எப்ப நல்லா ஓடுது, அதச் சொல்லுங்க" என்பார். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, அதன் மேல் ஒரு டீ கிளாஸில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைப்பார். தண்ணீர் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அப்போது யாரும் பேசக் கூடாது.

என்னுடையது கார்பரேட்டர் காலத்து வண்டி. அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று என் பங்காளிகள் கேலி செய்வார்கள். வாரம் இரண்டு நாள் மதுரைக்கு விசாலத்தை யார் அழைத்துப் போவது என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. வாடகை காரில் ஒருமுறை போனோம். வழியில் அவள் வாந்தி எடுத்தாள். ஓட்டுநர் எங்களை மேலூரில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவன் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு சொந்த வண்டிதான். நானேதான் ஓட்டுகிறேன்.

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் ஆயுத பூசைக்கு ஒரு மாதம் கழித்து வண்டி கெட்டது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. எங்காவது நிறுத்தினால் இன்ஜின் உதறும். மூன்று தட்டு ஒழுங்காகத் தட்டி, நான்காவதை விழுங்கும். அணைந்துவிடுமோ என்று வேகமிதியை விட்டுக் காலை எடுக்க முடியாது. ரயில்வே கேட், பேருந்து நிலையம், சாலையைக் கடக்கும் ஆட்டு மந்தை, எல்லாமே எனக்குப் பயமாக இருந்தன. பின்னிருக்கையில் கால் வீங்கி, சாய்ந்தால் மூச்சு முட்டும் என்று நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பவளைக் கண்ணாடியில் பார்ப்பேன். பிறகு மறுபடி இன்ஜினைக் கேட்பேன்.

சாகுல் பாய் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வண்டி குளிர்ந்திருக்கும்போதும் வேகமாகப் போகும்போதும் நன்றாக இருக்கிறது என்றேன். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எதைக் கழற்றினாலும் சத்தம் ஒரே அளவு இறங்கியது. "ஒரு சிலிண்டர் மட்டும் சண்டித்தனம் பண்ணல சார். எங்குட்டோ காத்துத் திருட்டு இருக்கு" என்றார். ஊசிக் குழலில் பெட்ரோல் எடுத்து இணைப்புகளில் சொட்டுச் சொட்டாக விட்டார். காற்றுக் கசியும் இடத்தில் பெட்ரோல் பட்டால் இன்ஜின் சத்தம் மாறும். எங்கும் மாறவில்லை. கார்பரேட்டரைக் கழுவி, புது பிளக் மாட்டி, வேகத்தைச் சற்றுக் கூட்டி வைத்துக் கொடுத்தார்.

இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, மதுரை வழியில் உள்ள திருப்பத்தூரில் நெரிசலில் நின்றபோது இன்ஜின் அணைந்தது. முடுக்கினேன், பிடித்தது, அணைந்தது. கடைசியில் பேட்டரியும் இறங்கிவிட்டது. நாங்கள் மதுரை சேர்ந்தபோது விசாலத்தின் முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மாலை வரை காத்திருக்கச் சொன்னார்கள். அந்த ஐந்து மணி நேரமும் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பட்டறைக்குப் போய், பத்துப் பேர் முன்னால் கத்தினேன். "படிக்காத கையில வண்டியக் குடுத்தது என் புத்தி!" என்றேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கெழம நானும் கூட வாரேன் சார். வழியிலதான அது வேலையக் காட்டுது" என்றார். அவ்வளவுதான்.

வந்தார். திருப்பத்தூரில் வண்டி உதறத் தொடங்கியதும் ஓரங்கட்டச் சொன்னார். டீக்கடையில் ஒரு கிளாஸ் வாங்கி இன்ஜின் மேல் வைத்தார். தண்ணீர் விளிம்பைத் தாண்டிச் சிந்தியது. ஊசிக் குழலுடன் ஒவ்வொரு இணைப்பாக வந்தவர் ஓரிடத்தில் நின்றார். பிறகு விசாலத்தின் ஜன்னலுக்கு வந்தார்.

"ஆச்சி, கோவிச்சுக்கிடாதீக. உள்ள ஒரு ரப்பர் குழாய் மேல சந்தனப் பொட்டு வெச்சிருக்கீக."

"ஆமா பாய். ஆயுத பூசைக்கு வெச்சது. ஓடுறது உள்ளதான, வெளிய மட்டும் வெச்சா எப்படி?"

"அத அழிச்சுக்கிடவா?"

விசாலம் மூச்சிரைப்புக்கு நடுவே சிரித்தாள். "அழிங்க பாய். சாமி கோவிச்சா நான் சமாதானம் சொல்லிக்கிறேன். வண்டி நின்னா நானும்ல நின்னுருவேன்!"

காய்ந்த சந்தனத்தை அவர் நகத்தால் சுரண்டவில்லை. கைக்குட்டையை நனைத்துத் துடைத்தார். அதற்கடியில், இன்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகும் அந்தக் காற்றுக் குழாயின் நுனியில், ஒரு விரிசல். குளிர்ந்திருக்கும்போது மூடியிருந்து, சூடேறினால் வாய் திறக்கும் விரிசல். நுனியை வெட்டி, மறுபடி செருகி, கிளிப் போட்டார். கிளாஸில் தண்ணீர் அடங்கியது.

"அன்னைக்கே பாத்திருக்கணும் சார். ஆச்சி சாமிக்கு வெச்சது, நம்ம எண்ணெய்க் கை படக் கூடாதுன்னு அத மட்டும் விட்டுட்டேன். என் தப்புத்தான்."

பிறகு விசாலத்திடம், காரின் உட்புறத் தகட்டில் ஓரிடத்தைத் தட்டிக் காட்டினார். "அடுத்த பூசைக்கு இங்குட்டு வைங்க ஆச்சி. இது தகரம், விரியாது. நானும் பயமில்லாம வேல பாப்பேன்."

அன்று நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நன்றியாவது சொல்லியிருக்க வேண்டும். மாறாக, அவர் தப்பை ஒப்புக்கொண்டதையே பிடித்துக்கொண்டேன். அந்த ஐந்து மணி நேரத்துக்கு பொறுப்பாக்க எனக்கு ஒருவர் வேண்டியிருந்தது. நான் வேலை பார்த்த காலத்தில் பதவி உயர்வைத் தடுத்த கல்லூரி நிர்வாகம், பங்காளிகள், மேலூர் ஓட்டுநர் என்று நான் மன்னிக்காதவர்களின் வரிசை நீளமானது. அதில் அவரையும் சேர்த்து, பட்டறையை மாற்றிக்கொண்டேன். அடுத்த பூசைக்கு விசாலம் அவர் காட்டிய இடத்தில்தான் பொட்டு வைத்தாள். அதை அவர் பார்க்கவே இல்லை.

பாய் காலமான செவ்வாய்க்கிழமை, சிகிச்சை முடிந்ததும், களைத்துப்போயிருந்த விசாலம், "நேரா பாய் வீட்டுக்குப் போங்க" என்றாள். போனபோது மணி நாலரை. அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்திருந்தார்கள். தெருமுனைக்கு வந்த ஜமாலிடம், "வர முடியாமப் போச்சு" என்றேன்.

"தெரியும் சார். இன்னைக்குச் செவ்வாக்கெழமைல்ல" என்றார் ஜமால். "செவ்வாயும் வெள்ளியும் அண்ணன் வெளியூர் வேலை எதையும் ஒத்துக்கிட மாட்டாக. டூல்ஸ் பை பைக்குலயே தொங்கும். 'சாருக்கு எம் மேல கோவம். ஆனா வழியில நின்னா என்னத்தான் கூப்புடுவாரு'ன்னு சொல்லுவாக. அஞ்சு மணி வரைக்கும் போன் வரலன்னா, 'ஆச்சி வீடு சேந்துட்டாக'ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போவாக."

பழைய பயத்தில் இன்ஜினை அணைக்காமலே இறங்கியிருந்தேன். அது சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஜமால் தலையைச் சாய்த்து ஒரு நொடி கேட்டார். "நின்னுக்கிட்டே நல்லா ஓடுது சார்" என்றார்.

அன்று நாங்கள் வீடு சேர்ந்தபோது மணி ஐந்து. ஓராண்டாக வாரம் இருமுறை நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வரியை இங்கே எழுதுகிறேன்.

பாய், ஆச்சி வீடு சேர்ந்துவிட்டாள். நீங்கள் டீ குடிக்கப் போகலாம்.