கதவைப் பூட்டச் சொல்லி வேண்டினேன்

போன பங்குனியில் என் தம்பி ரமேஷுக்குத் தூக்கம் போயிற்று. ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவன். "குழிக்குள்ள ஆளு கத்துதுக்கா, உனக்குக் கேக்கலையா?" என்று தரையில் காதை வைத்துப் படுத்துக்கொள்வான். நாலு பேர் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனபோது, ஓடுகிற காரிலிருந்து குதித்தான். கையில் தையல். அதிலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே நடுங்கினான். பெற்றவர்கள் இல்லாத எனக்கு அவன் ஒருவன்தான்.

நான் போய்க் கேட்ட மனநல டாக்டரம்மாதான் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு வீட்டைச் சொன்னார். இப்படி நோயுள்ள ஆறு பேர் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் வீடு. அவரே வந்து பார்த்து மாத்திரை தருவார். ரமேஷும் தலையாட்டினான். போய்ப் பார்த்தால், வாசல் கதவுக்குப் பூட்டே இல்லை! எனக்கு வந்ததே கோபம்.

"என்னங்க ஊடு இது? ஒரு பூட்டு வாங்க வக்கில்லீங்களா?"

அங்கே உடனிருந்து பார்த்துக்கொள்ளும் பழனிச்சாமி அண்ணன் சிரித்தார். அவரும் இதே நோயில் கிடந்து தேறியவர். "பூட்டுனா ஓடத்தானுங்க தோணும்."

'அங்காளம்மா, இவர்களுக்குப் புத்தி கொடு, கதவைப் பூட்ட வை' என்று வேண்டிக்கொண்டே விட்டுவந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் பார்க்கப் போயிருந்தேன். என் கண்ணெதிரே ரமேஷ் வெறுங்காலோடு வெளியேறினான். வாழைத்தோப்பு நடுவில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. அதன் விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தான். நான் பாய்ந்தேன். பின்னாலேயே வந்த அண்ணன் கையைக் காட்டினார்.

"நில்லுங்க அம்மிணி. புடிச்சா குதிச்சுருவாப்ல."

நின்றேன். அதைவிடக் கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை. அழக்கூடப் பயம். தாயே, பூட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவனைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று மனசுக்குள் கதறினேன்.

அண்ணன் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு காலத்துல கேட்டுச்சு சாமி," என்றார். அப்படியே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமோ! பிறகு தன் செருப்பைக் கழற்றி அவன் பக்கம் தள்ளினார்.

"காலு சுடும், போட்டுக்க."

ரமேஷ் செருப்பைப் பார்த்தான். கிணற்றைப் பார்த்தான். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். வெறுங்காலோடு நடந்த அண்ணனுக்குப் பின்னால் வீட்டுக்கு நடந்தான். யாரும் அவனைத் தொடவில்லை. என் தாய் அங்காளம்மா, பூட்டச் சொன்ன என் பேச்சைக் கேட்காமல் என்னைக் காப்பாற்றினாள்.

ஏழு வாரம் அங்கே இருந்தான். இப்போது பள்ளிபாளையத்தில் என்னோடு தறி ஓட்டுகிறான். மாத்திரையை நிறுத்தவில்லை. அந்தக் குரல் எப்போதாவது வரும்; வந்தால் என்னிடம் சொல்லிவிடுவான்.

இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தவிப்பவர்களே, வெட்கப்படாதீர்கள். டாக்டரிடம் போங்கள், அங்காளம்மாவையும் விடாமல் கூப்பிடுங்கள். அவள் ஆளை அனுப்புவாள். போன வெள்ளிக்கிழமை ரமேஷ், "நீ சாப்ட்டியாக்கா?" என்று கேட்டான். அதைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! சாப்பிட்டேன் தாயே, அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.