ஏழாம் அறையில் நடந்த இயற்பியல் தேர்வு

லுத்ஃபி வாத்தியாருக்கு ஜூன் மாதம் என்றாலே ஆகாது. எகிப்தின் வடக்கே தமன்ஹூரில் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக இயற்பியல் நடத்துகிறவர். கூட வேலை பார்த்தவர்கள் சாயங்கால வகுப்பு எடுத்து மாடிக்கு மேல் மாடி கட்டினார்கள். இவர் நாலு பிள்ளைகளுக்கு மேல் சேர்த்துக்கொள்ளத் தெரியாமல், மாமனார் விட்டுப்போன இரண்டு அறை வீட்டிலேயே தலை நரைத்துப்போனார். அதில்கூட அவருக்குக் குறையில்லை. ஜூனில் வரும் உத்தரவுதான் குறை. பள்ளி இறுதித் தேர்வுக்குக் கண்காணிப்பாளராக எந்த ஊருக்குத் தூக்கியடிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

போன வருடம் தெற்கே ஒரு ஊருக்குப் போட்டார்கள். அங்கே தேர்வு அறைக்குள்ளேயே ஒருவர் வந்து விடைகளைச் சத்தமாகப் படித்தார். லுத்ஃபி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு வாய்க்காலில் கிடந்த எருமைகளைப் பார்த்தார். மதியம் ஊர்க்காரர்கள் போட்ட சாப்பாட்டையும் சாப்பிட்டார். வீடு திரும்பிய பிறகு, கையில் எடுத்த ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகும் பழக்கம் அவருக்கு வந்தது. இன்ஷிராஹுக்குக் காரணம் தெரியும். முப்பது வருடம் கூடக் குடித்தனம் செய்தவள்.

இந்த வருடமும் தெற்கேதான் என்று உத்தரவு வந்தது. அவள் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே, மூத்த மகன் பெயரைச் சேர்த்து எப்போதும் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள்.

“அபூ ஹானி, போன வருஷம் மாதிரியே இருந்துட்டு வந்துடுங்க. சர்க்கரை வியாதிய உடம்புல வச்சுக்கிட்டு வீரம் பேசுற வயசு இல்ல.”

“நான் எப்ப வீரம் பேசினேன்?”

“பேசினதில்லதான். இப்ப உங்க மூஞ்சியப் பார்த்தா பேசிடுவீங்கன்னு பயமா இருக்கு.”

ரயிலில் பதினோரு மணி நேரம். நிலையத்தில் கண்காணிப்பாளர்களை ஏற்றிக்கொள்ள ஒரு மைக்ரோபஸ் நின்றது. ஓட்டுநர் பெயர் அவத். தலைப்பாகையைத் தளர்த்திக் கட்டிய நாற்பது வயது ஆள். லுத்ஃபி முன்சீட்டில் உட்கார்ந்தார். வழியெல்லாம் புதிய மாடி வீடுகள், அவற்றின் முன்னால் கெய்ரோ பதிவெண் போட்ட பெரிய கார்கள்.

“யார் வீட்டுக் கல்யாணம்?” என்று லுத்ஃபி கேட்டார்.

அவத் சிரித்தான். “கல்யாணம் இல்ல உஸ்தாத், பரீட்சை. ஒரு வருஷம் முன்னாடியே பேரை எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திடுவாங்க. ஜூன் மாசம் ஆத்தா அப்பன், சமையல்காரி எல்லாத்தோடயும் வந்து இறங்குவாங்க. எழுதிட்டுப் போனா டாக்டர். டாக்டர் விளையுற பூமி உஸ்தாத் இது. எங்க ஊர் ஆஸ்பத்திரியில மட்டும் ஒரு டாக்டர் கிடையாது.”

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவத் எதிரே வந்த கழுதை வண்டிக்கு வழிவிட்டான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, தன் மகள் ராவியாவும் இந்த வருடம் எழுதுகிறாள் என்றான். ஏழாம் அறை.

“நீங்க தப்பா நினைக்காதீங்க. நான் உதவி கேக்கல. அவ பேப்பரை அவ எழுதிட்டுப் போகட்டும், அது போதும்.”

மறுநாள் பட்டியல் ஒட்டினார்கள். லுத்ஃபிக்கு விழுந்ததும் ஏழாம் அறைதான்.

அறையில் இருபது பேர். பத்தொன்பது பேர் வெளியூர். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில், பழுப்பு நிறத் தலைத்துணி கட்டி, பேனா இரண்டை மேசையில் நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ராவியா. முதல் நாள் அரபித் தேர்வு. வினாத்தாள் கொடுத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, தேர்வு மையத் தலைவர் மஹ்ரூஸ் ஒரு தாளோடு உள்ளே வந்தார். அவரும் வெளியூரிலிருந்து வந்த வாத்தியார்தான், ஆனால் இந்த மையத்துக்கு நாலாவது வருடமாக வருகிறார்.

“ஒண்ணு, ஆ. ரெண்டு, ஈ. மெதுவா எழுதுங்க கண்ணுங்களா, அவசரமில்ல.”

ராவியா இரண்டு காதுகளிலும் விரலை வைத்துக்கொண்டு கேள்வியைப் படித்தாள். எழுத விரலை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்து, எழுதி, மறுபடி வைத்துக்கொண்டாள்.

லுத்ஃபி மஹ்ரூஸை வாசலில் பிடித்தார். “உஸ்தாத் மஹ்ரூஸ், இது என்ன?”

“உஸ்தாத் லுத்ஃபி புதுசோ?”

“இல்ல.”

“அப்ப ஏன் புதுசு மாதிரி கேக்குறீங்க?” என்று தோளைத் தட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

மதியச் சாப்பாடு சப்ரி பே வீட்டில். மரியாதைக்கு ஊரே ‘பே’ என்று அழைத்தாலும், அவருக்கு அரசாங்கத்தில் எந்தப் பதவியும் இல்லை, கட்டட ஒப்பந்தக்காரர். ஆனால் அந்த ஊரில் எந்தப் பிள்ளை எந்த அறையில் உட்காரும் என்பது அவர் கையில் இருந்தது. கோதுமை அடைத்த புறாக்கறி வந்தது. ஒவ்வொருவர் தட்டுக்கு அடியிலும் ஓர் உறை இருந்தது. லுத்ஃபி வயிறு சரியில்லை என்று சொல்லித் தேநீர் மட்டும் குடித்தார். உறையை எடுக்கவில்லை. சப்ரி பே அதைப் பார்த்தார், கோபப்படவில்லை. “உஸ்தாத்துக்கு வயிறு சரியாகட்டும். இன்னும் எட்டுப் பரீட்சை இருக்கே” என்றார்.

இயற்பியல் அன்றுதான் குழப்பம் வந்தது. அந்த வருடம் கேள்விகள் கடினம். வெளியில் விடை எழுத உட்கார்த்தி வைத்திருந்த ஆளுக்குப் பாதிக்கு மேல் வரவில்லை போலிருக்கிறது. முக்கால் மணி நேரமாகியும் தாள் வரவில்லை. பிள்ளைகள் நெளிந்தார்கள். ஷாதி என்கிற பையன், வீட்டுச் சமையலறையில் கேட்பதுபோல, “அங்கிள், இன்னும் வரலையா?” என்றான். மஹ்ரூஸ் வியர்த்துப்போய் வந்து நின்றார்.

“அதோ அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டேதானே இருக்கா” என்று ஷாதி கை காட்டினான்.

மஹ்ரூஸ் போய் ராவியாவின் விடைத்தாளில் கை வைத்தார். அவள் விடவில்லை.

“நான் இன்னும் முடிக்கல உஸ்தாத்.”

“முடிச்சவரைக்கும் போதும்மா. இதோ குடுத்துடுவாங்க.”

தாளோடு அவர் வாசலுக்கு வந்தபோது லுத்ஃபி வழியில் நின்றார். “இது வெளிய போகாது” என்றார். சொல்லும்போது அவருக்கே தன் குரல் புதிதாகக் கேட்டது.

மஹ்ரூஸ் கத்தவில்லை. காதருகே வந்து சொன்னார். “லுத்ஃபி, கேட்டுக்கு வெளிய நூறு பேர் நிக்கிறான். பாதிப் பேர் கையில கட்டை. போன வருஷம் ஒரு வாத்தியாருக்கு மண்டையில பதினாலு தையல். நீயும் ஊர் போய்ச் சேரணும், நானும் போய்ச் சேரணும். தள்ளு.”

லுத்ஃபி தள்ளி நின்றார்.

இருபத்தைந்து நிமிடம் ராவியா வெறும் மேசை முன் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு லுத்ஃபியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரால் அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவும் முடியவில்லை. அவள் தாளிலிருந்து எடுத்த நகல்கள் கைக்குக் கை மாறி வந்தன. பத்தொன்பது பேரும் எழுதினார்கள். அவளுடைய தாள் கடைசியாகத் திரும்பி வந்தது, ஓரத்தில் யாரோ வைத்த தேநீர்க் கறையோடு. மீதி நேரத்தில் அவள் கடைசிக் கேள்விகளை முடித்தாள். அவள் முடிக்க முடிக்க, பின்னால் இருந்தவன் எட்டிப் பார்த்து உரக்கச் சொன்னான்.

தேர்வு முடிந்ததும் வழக்கமான படிவம் வந்தது. “தேர்வு அமைதியாகவும் ஒழுங்காகவும் நடைபெற்றது.” கீழே கண்காணிப்பாளர் கையெழுத்து. எல்லாரும் போடாமல் கேட்டைத் திறக்க மாட்டார்கள். லுத்ஃபி கையெழுத்துப் போட்டார்.

மைக்ரோபஸ்ஸில் அவத் கேட்டான். “எப்படி எழுதினா உஸ்தாத்?”

“நல்லா எழுதினா” என்றார். அது பொய்யில்லை.

அன்று பிற்பகல், மற்றவர்கள் தூங்கும்போது, தங்கியிருந்த பள்ளியின் மொட்டை மாடிக்குப் போய், முறைகேடுகளைத் தெரிவிக்கச் சொல்லி உத்தரவின் பின்பக்கம் அச்சடித்திருந்த எண்ணுக்கு லுத்ஃபி போன் செய்தார். ஒரு பெண் எடுத்தாள். மையத்தின் எண், அறை எண், தேர்வு எல்லாம் கேட்டாள்.

“இருபது பேரும் ஒரே விடை எழுதியிருப்பாங்க. தாளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாலே தெரியும்” என்றார் லுத்ஃபி. “ஆனா ஒண்ணு, அதுல ஒரு பொண்ணு மட்டும்...”

“உங்க புகார் பதிவாயிடுச்சு உஸ்தாத், நன்றி” என்று அவள் வைத்துவிட்டாள். மறுபடி அடித்தார். கிடைக்கவில்லை. முக்கியமானதைச் சொல்லிவிட்டோம், மீதியை விசாரிக்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று கீழே இறங்கினார். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் முழு ரொட்டி சாப்பிட்டார்.

விசாரிக்க யாரும் வரவில்லை. தேர்வுகள் முடிந்து ஊர் திரும்பினார். ஜூலை கடைசியில் முடிவுகள் வெளியாயின. இரண்டாம் நாள் அவத் போன் செய்தான்.

“உஸ்தாத், உங்க நம்பரை வச்சிருந்தேன், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. எம் பொண்ணுக்கு இயற்பியல்ல ரத்துன்னு போட்டிருக்கு. ஏழாம் அறை முழுசா ரத்து. யாரோ புகார் குடுத்திருக்கான் உஸ்தாத். எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்கன்னு. எந்தப் பாவி செஞ்சான்னு தெரியல.”

லுத்ஃபி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இன்ஷிராஹ் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“நான்தான் அவத்.”

அந்தப் பக்கம் அவத் வண்டியை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது.

“நல்லது நினைச்சு செஞ்சீங்களா?” என்று அவத் கேட்டான்.

“ஆமா.”

“அவ பேப்பரைத்தான் மத்தவங்க பார்த்தாங்கன்னு சொல்லலியா?”

“சொல்ல விடல.”

மறுவாரம் மூன்று பேரும் கெய்ரோவில் தேர்வு அலுவலகத்தில் சந்தித்தார்கள். லுத்ஃபி நாலு பக்கத்துக்கு வாக்குமூலம் எழுதி எடுத்துப் போயிருந்தார். தந்தையையும் மகளையும் நடைபாதையில் உட்காரச் சொல்லிவிட்டு இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி மரியாதையாகத் தேநீர் வரவழைத்தார். நாலு பக்கத்தையும் படித்தார். பிறகு கோப்பிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துத் திருப்பி வைத்தார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“என்னோடதுதான்.”

“அமைதியா, ஒழுங்கா நடந்ததுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அன்னிக்கே புகாரும் பண்ணியிருக்கீங்க. ரெண்டுல எது பொய்?”

“கையெழுத்துப் போடாம வெளிய விடமாட்டாங்க சார்.”

“இருக்கலாம். பதினோராவது கணக்குல கழித்தல் குறி விட்டுப்போயிருக்கு. இருபது தாள்லயும் அதே இடத்துல விட்டுப்போயிருக்கு. யார் முதல்ல விட்டாங்கன்னு தாள் சொல்லுமா உஸ்தாத்? நீங்க சொல்றீங்க. நீங்கதான் இதையும் சொல்றீங்க” என்று படிவத்தைத் தட்டினார். அவர் கெட்டவராகத் தெரியவில்லை. “பொண்ணை ஆகஸ்ட்ல மறுதேர்வு எழுதச் சொல்லுங்க. விதி இடம் குடுக்குற அளவுக்குத்தான் நான் செய்ய முடியும்.”

மறுதேர்வில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பாதி மார்க்தான் என்பது விதி. மருத்துவத்துக்கு அது எட்டாது. இருவருக்கும் தெரியும்.

வெளியே வந்தபோது அவத் தண்ணீர் வாங்கப் போயிருந்தான். ராவியா எழுந்து நின்றாள். என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“உஸ்தாத், பதினோராவது கணக்குல ஒரு மைனஸ் விட்டுட்டேன்னு எனக்கு வீட்டுக்குப் போனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. மத்ததெல்லாம் சரியா?”

பெஞ்சில் உட்கார்ந்து அவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். அவள் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது. அதைச் சொன்னார்.

“அந்தத் தப்பு என்னோடது” என்றாள் அவள். “அவங்க பத்தொன்பது பேருக்கும் என் தப்புதான் போயிருக்கு.” சிரித்தாள் என்று தோன்றியது. பிறகு தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பத்தொன்பது பேரின் பெற்றோர் வக்கீல்களைப் பிடித்தார்கள். வழக்கு இழுத்தது, ஆனால் அவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. சிலர் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அக்டோபரில் ஷாதி அங்கே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி வாசலில் வெள்ளைக் கோட்டோடு நிற்கும் படம், தேர்வு சமயத்தில் அவன் குடியிருந்த ஊர் வீட்டுக்காரர் மூலமாக அவத்தின் போனுக்கே வந்தது. ராவியா மறுதேர்வு எழுதி, மாவட்டத் தலைநகரில் இரண்டு வருட நர்சிங் படிப்பில் சேர்ந்தாள். லுத்ஃபிக்குக் கடமை தவறியதற்காகப் பதினைந்து நாள் சம்பளம் பிடித்தார்கள். ஐந்து வருடம் தேர்வு வேலைக்குத் தடை போட்டார்கள். ஆசிரியர் அறையில் தடையைக் கேட்டுவிட்டு, “குடுத்து வச்ச ஆளுய்யா நீ, எங்களுக்கும் அந்த வழியச் சொல்லு” என்றார் ஒரு வாத்தியார். எல்லாரும் சிரித்தார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை லுத்ஃபி அவத்துக்குப் போன் செய்வார். அவன் எடுப்பான், நலம் விசாரிப்பான், கோதுமை விலை, வண்டியின் கோளாறு எல்லாம் சொல்வான். மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, பேச்சு முடிகிற நேரத்தில், கொஞ்சம் தயங்கினான்.

“உஸ்தாத், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. இனிமே போன் பண்ண வேணாம்.”

லுத்ஃபி போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“புகார் குடுத்தது யாருன்னு அவகிட்ட நான் சொல்லல. உஸ்தாத் ஏன் நம்ம மேல இவ்வளவு அக்கறையா இருக்காருன்னு ஒவ்வொரு தடவையும் கேக்குறா. நான் ஒவ்வொரு தடவையும் பொய் சொல்ல வேண்டியிருக்கு. அன்னிக்கு அந்த ரூம்ல தனக்காக வாசல்ல நின்ன ஒரே ஆளுன்னு உங்களை நினைச்சுக்கிட்டிருக்கா. அது அவகிட்ட அப்படியே இருக்கட்டும்.”

“சரி அவத்.”

“அல்லா உங்களுக்கு நல்ல உடம்பைக் குடுக்கட்டும்.”

“உனக்கும்” என்றார் லுத்ஃபி. போனை மேசையில் வைத்துவிட்டு, தொழுகைக்கு நேரமாகிவிட்டதா என்று இன்ஷிராஹிடம் கேட்டார். இன்னும் இருக்கிறது என்றாள் அவள். அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.