வெட்டக் கொடுத்த கார்

வருடக்கணக்காக நான் நச்சரித்த பிறகுதான், முற்றத்தில் துருப்பிடித்துக் கிடந்த காரை என் கணவர் கரவெட்டிப் பழைய இரும்புக் கடைக்கு வெட்டக் கொடுத்தார். அப்பாடா என்றிருந்தது.

மறுநாளே அங்கே கழற்றிய ஸ்ரியரிங்கோடு திரும்பி வந்தார். பிறகு ஹோர்ன். போன கிழமை முன் இருக்கையையே லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி வந்து மாமரத்தின் கீழ் இறக்கினார்.

"உங்களுக்கென்ன விசரோ? உந்த இருக்கையை ஏன் திருப்பிக் கொண்டு வந்தனீங்கள்?" என்று கத்தினேன்.

"கத்தாதையும். ஒருக்கா இதிலை ஏறி இருந்து பாரும்."

சண்டையை முடிக்கத்தான் அந்த இருக்கையில் ஏறி இருந்தேன். இருந்ததும் என் இடக்கை பக்கத்தில் எதையோ துழாவியது. அந்தக் காரின் இடப்பக்கக் கதவு ஒருநாளும் பூட்டி நின்றதில்லை. எங்கே போனாலும் நான்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டு போவேன்.

எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

"இஞ்சேருங்கோ, அந்தக் கதவையும் வெட்டிப்போட்டாங்களோ?" என்று கேட்டேன்.