அய்யா மறந்த வரி

கம்பம் சாலையை ஒட்டிய எங்கள் ஊர் மாதா கோயில் மைதானத்தில், இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் பிற்பகல் நாடகம் போடுவார்கள். அந்த வருஷம் என் அய்யாவுக்கு அதில் ஒரு வேஷம் கிடைத்தது. ராஜா கொன்றுபோட்ட வாலிபனின் தகப்பன் வேஷம்.

அய்யாவுக்கு எழுத்து தெரியாது. எனக்கு ஒன்பது வயது. கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரிடம் வாசிக்கப் படித்திருந்தேன். அவர் எழுதிக் கொடுத்த நாடக நோட்டை நான் வாசிக்க வாசிக்க, அய்யா திருப்பிச் சொல்லிப் பாடம் பண்ணினார். இரண்டு மாதத்தில் நோட்டு முழுக்க எனக்கு மனப்பாடம். அய்யாவுக்குத்தான் ஆகவில்லை. ராஜாவிடம் மன்றாடும் நீண்ட வசனத்தில் நாளுக்கு ஓர் இடத்தில் இடறுவார்.

நாடகத்தன்று காலையிலிருந்தே அந்த வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். உத்தமபாளையத்திலிருந்துகூட வண்டி கட்டி வந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் அய்யா விழித்துக்கொண்டு நின்றால்? ஆத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அய்யா வாய் திறக்கும்போதெல்லாம் நானும் உதட்டை அசைத்தேன். நீண்ட வசனம் வந்தது. ஓர் எழுத்து பிசகவில்லை. எனக்குப் போன மூச்சு திரும்பியது.

அடுத்தது நோட்டிலேயே சுலபமான இடம். சேவகர்கள் பிரேதத்தைக் கொண்டுவந்து கிடத்தி, முகத்துத் துணியை விலக்கி, "இவனைத் தெரியுமா?" என்று கேட்பார்கள். "தெரியும், என் பிள்ளை" என்று அய்யா சொல்ல வேண்டும். மூன்றே சொல். அதை நான் இரண்டாம் தடவை வாசித்துக் காட்டியதே இல்லை.

துணியை விலக்கினார்கள். கேட்டார்கள். அய்யா குனிந்து பார்த்தார். சேவகன் தடுமாறி மறுபடியும் கேட்டான். அய்யாவின் விரல்கள் மட்டும் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தன. கூட்டத்தில் ஓர் இருமல்கூட இல்லை. எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள் என்று பயந்துபோனேன். பொறுக்க முடியாமல் எழுந்து கத்திவிட்டேன்.

"அய்யா, தெரியும், என் பிள்ளை! தெரியும், என் பிள்ளை!"

அய்யா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்தவனைப் பார்த்து, முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற குரலில் அந்த மூன்று சொல்லையும் சொன்னார்.

ஆத்தா அடிக்கப் போகிறாள் என்று திரும்பினேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

முந்தின வருஷம் என் அண்ணன், மலைமேல் அணை கட்டும் வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். சேதி வந்ததும் அய்யா தனியாக மலையேறிப் போய், அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டு வந்தார். அங்கே என்ன பார்த்தார், யார் என்ன கேட்டார்கள் என்று வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீடு திரும்பும் வழியில் பயந்து பயந்து கேட்டேன்.

"அய்யா, மறந்துட்டீகளா?"

"மறக்கல தாயி."

"பெறகு ஏன் சொல்லல?"

அவர் முகத்துச் சாயத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே நடந்தார். ஆத்தாதான் சொன்னாள்: "அவுகள விடு. அங்கனயும் இப்பிடித்தான் நின்னுருப்பாக."

எங்கன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கூச்சத்தில் அய்யா பொய் சொல்கிறார் என்றே முடிவு கட்டினேன். அடுத்த வருஷமாவது மானம் போகக் கூடாதே என்று, மறுநாள் அவரை எதிரே உட்காரவைத்து, "இவனைத் தெரியுமா?" என்று இருபது தடவை கேட்டேன். அய்யா இருபது தடவையும் பதில் சொன்னார்.