அமெரிக்க வாசலில் ஒரு மறுப்பு

அமெரிக்கா போகிறவர்களுக்கு டொரன்டோ விமான நிலையத்துக்குள்ளேயே அமெரிக்கக் குடிவரவுச் சோதனை நடக்கிறது. வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் வசந்தி இங்கே சட்டம் கற்பிப்பவர். அமெரிக்க அரசமைப்பைப் பற்றித் தான் எழுதிய கட்டுரையை வாசிக்க பொஸ்டன் போகிறார்.

"என்ன கட்டுரை?" என்று கேட்கிறேன்.

"சட்டத்துக்கு அர்த்தம் சொல்லுறது ஆர் எண்டு, அண்ணை. அதிகாரிகள் இல்லை, நீதிமன்றங்கள்தான் எண்டு அங்கத்தைய உச்ச நீதிமன்றம் சொல்லிப்போட்டுது. ஆனா எல்லையில இன்னும் அதிகாரி வைச்சதுதான் சட்டம். அதைத்தான் எழுதியிருக்கிறன்."

அவர் முறை வருகிறது. அதிகாரி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, போனைத் திறந்து தரச் சொல்கிறார்.

வசந்தி போனைக் கைப்பைக்குள் போடுகிறார். "இதில் என்னிடம் சட்ட உதவி கேட்ட அகதிகளின் பெயர்கள் இருக்கின்றன. தரமாட்டேன். நான் நிற்பது கனடா மண். பயணத்தைக் கைவிட்டுத் திரும்ப எனக்கு உரிமை உண்டு" என்கிறார் ஆங்கிலத்தில், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

அதிகாரி சற்று யோசித்து, கடவுச்சீட்டைத் திருப்பித் தள்ளுகிறார். வசந்தி அதை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்புகிறார்.

"உழைப்பெல்லாம் வீணாகிவிட்டதே" என்கிறேன்.

"ஆர் சொன்னது? வீட்டை போய் வீடியோவில வாசிக்கப்போறன். இதையும் சேர்த்து."

பெட்டியை இழுத்துக்கொண்டு வரிசைக்கு எதிர்த்திசையில் நடக்கிறார். ஒவ்வொருவராக விலகி வழிவிடுகிறார்கள்.