புலிக்கும் கூப்பனா?

இன்னைக்கு மடுல்சீமை பஸ்ஸுக்கு நின்னு காஞ்சு போனேங்க. அந்த பஸ்ஸ பத்தி பேசுனா பொழுது போயிரும், விடுங்க.

பக்கத்துல நம்ம தோட்டத்து பழைய கங்காணியும் அவரு மருமகனும், கூப்பனுக்கு அளந்து குடுத்த மாவு மூட்டைய வச்சுக்கிட்டு, தரையில கோடு கீறி ஆடுபுலி ஆடுனாங்க. ரெண்டு ஆட்டம். தோத்தவரு மூட்டைய மலையேத்தணும்.

முதல்ல கங்காணி புலி. அவருக்குத்தான் எப்பவும் புலி. ஒரே மூச்சுல ரெண்டு ஆட்ட வெட்டுனாரு.

"மாமா, இப்ப புது சட்டம். ஒரு தடவைக்கு ஒரு ஆடுதான்."

"ஏன் மாப்ள, புலிக்கும் கூப்பனா?"

முனகிக்கிட்டே ஒண்ண திருப்பி வச்சாரு. புலி மாட்டிக்கிருச்சு.

அடுத்தது மருமகன் புலி. அவரும் ஒரே மூச்சுல ரெண்டு ஆட்ட வெட்டிட்டாரு.

"சட்டம் எங்க மாப்ள?"

"பழசயும் மறக்கக்கூடாதில்ல மாமா!"

இப்ப ரெண்டு ஆட்டமும் தோத்து, மூட்டையோட மாமா முன்னால ஏறுறாரு. மாப்ள சட்டம் பேசிக்கிட்டே பின்னால போறாரு.

உங்க தோட்டத்து லயத்துல புலி எத்தன ஆடு திங்குதுங்க?